46 வருஷக் கணக்கும் ஒரு கோர்வையும்

இங்கே வழக்கமா உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி, மடைன்னு ஏதாவது எழுதிக்கிட்டிருப்பேன். இந்தத் தடவை ஒரு ஆல்பம். ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமெண்ட்’. 2023 ஜூன் கடைசியில் வெளிவந்தபோதே கேட்டேன். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானதும் மறுபடி எடுத்துக் கேட்டேன். ரெண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் இடறியது.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் காது கிழிய ராக் கிதார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், 70களின் நடுவில் அக்கூஸ்டிக் கிதாரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்த குழு இது. எல். சங்கர் வயலின், ஜாகிர் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். (குடவோலை ஊர்க்காரனுக்குக் குடத்தின் மேல் கொஞ்சம் பாசம் கூடத்தான் இருக்கும்.)

‘46 வருஷம் கழித்து ஸ்டுடியோ ஆல்பம்’ என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். 1977இன் ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’க்கு அப்புறம் இதுதான் என்பதால் கணக்கு சரி. ஆனா இவங்க காணாமப் போனவங்க இல்ல. 1997க்குப் பிறகு ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பேரில் ஊர் ஊரா வாசித்தாங்க, மேடைப் பதிவுகளும் வந்தன. அவ்வளவு ஏன், அவங்களோட முதல் தட்டே 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானதுதான். ஸ்டுடியோ இவங்களுக்கு என்னைக்குமே சொந்த வீடு கிடையாது.

புது ஆல்பம் அவரவர் ஊரில் தனித்தனியா வாசித்து அனுப்பி ஒட்டியது. அதில் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதுதான் சுவாரசியம்.

கோர்வை தாங்கியிருக்கிறது. கோர்வை என்பது கணக்கு. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ அஞ்சு, மூணு தடவை சொன்னா 15. நடுவில் ஒவ்வொரு மாத்திரையா ரெண்டு இடைவெளி விட்டா 17. அப்போ 15 மாத்திரை கழித்து ஆரம்பித்தால் நேரா அடுத்த சமத்தில் வந்து விழும். ஒருத்தர் மொனாகோவிலும் இன்னொருத்தர் சென்னையிலும் இருந்தாலும் அதே இடத்தில்தான் விழும். அதனால்தான் செல்வகணேஷின் கஞ்சிராவும் கொன்னக்கோலும் இந்த ஆல்பத்தில் கொஞ்சமும் வாடவில்லை. விக்குவின் மகன் அவர். அந்த நாற்காலி வீட்டுக்குள்ளேயே கைமாறியிருக்கிறது.

சவால்-ஜவாப் அப்படி இல்லை. எதிராளி என்ன வாசிக்கப் போறார்னு தெரியாம இருக்கணும். கேட்டு, திகைச்சு, அந்தத் திகைப்பிலிருந்து பதில் வரணும். முன்பே பதிவானதைக் கேட்டு வாசித்தால் பதில் பிசகாமல் வரும், திகைப்பு வராது. கணேஷ் ராஜகோபாலனின் வயலினும் மெக்லாஃப்லினும் மாறி மாறி வாசிக்கும் இடங்களில் எனக்கு இது உறுத்தியது.

கிதாரின் தொனியும் மாறிப்போச்சு. பழைய அக்கூஸ்டிக் கிதாரில் ஒவ்வொரு மீட்டலும் சுள்ளென்று வந்து அடங்கும். அடங்கிய இடத்தில் கடம் பேசும். இப்போ சிந்தசைசர் கிதார் அந்த மௌனத்தையெல்லாம் மெழுகி வைத்துவிடுகிறது.

தியாகராஜரின் ‘கிரிராஜசுதா’வை 2001இல் வந்த பம்பாய்க் கச்சேரிப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்க. அதில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இருந்தார். 2014இல், 45 வயசில் போய்விட்டார். புது ஆல்பத்தின் முதல் உருப்படியே ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’. அவர் இடத்தில் வேறு மாண்டலினைத் தேடாமல் வயலினைத் திரும்பக் கொண்டுவந்தது நல்ல முடிவு, நாணயமான முடிவும்கூட. சங்கர் மகாதேவன் குரல் ‘கிரிராஜசுதா’வில் பழுதே இல்லை, ஆனா பம்பாய்ப் பதிவில் அந்தக் குரலுக்கு எதிரே ஆள் உட்கார்ந்திருந்தது கேட்கிறது.

2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. சந்தோஷம்தான். புதுசா கேட்கிறவங்க மட்டும் இந்த ஆல்பத்தில் ஆரம்பிக்க வேண்டாம். 1975 பதிவு, அப்புறம் பம்பாய், கடைசியா இது. ஹெட்போன் மாட்டிக்கிட்டு, ஜாகிரின் இடது கையை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க.