மனப்பாடம் செய்பவனைப் பார்த்து ஏன் சிரித்தோம்?

2009இல் வந்த 'த்ரீ இடியட்ஸ்', 2012இல் ஷங்கர் அதைத் தமிழில் எடுத்த 'நண்பன்'. கல்லூரி நெருக்கடியைக் கேள்வி கேட்ட படங்கள் என்றுதான் இரண்டையும் இன்றும் கொண்டாடுகிறோம். கெடுவை நீட்டிக்கச் சொல்லிக் கெஞ்சி, மறுக்கப்பட்டு, உயிரை விட்டுவிடுகிற ஜாய் லோபோவை அவ்வளவு சுலபமாக மறக்கவும் முடியாது. ஆனால் படம் யாரை ஜெயிக்க வைக்கிறது?

மூலக்கதையான சேத்தன் பகத்தின் ஆங்கில நாவல் (2004) தன் தலைப்பிலேயே ஐந்து சொச்சம் மதிப்பெண்ணைத் தாங்கியிருக்கிறது. அதன் நாயகர்கள் மூவருமே சுமாரான ஸ்டூடண்ட்ஸ். படமோ அந்த இடத்தில் ரான்சோவைக் கொண்டுவந்து வைக்கிறது. ரேங்க் வேண்டாம் என்று சொல்கிற அவன்தான் முதல் ரேங்க். கடைசியில் நானூறு காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரன். ஓட்டப்பந்தயம் தப்புன்னு சொல்ல, பந்தயத்தில் முதலில் வந்தவனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம் சதுர் ராமலிங்கம். உகாண்டாவிலும் பாண்டிச்சேரியிலும் வளர்ந்தவன், இந்தி சரியாக வராது. அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த உரையில் ரான்சோ சொற்களை மாற்றி வைக்க, அரங்கமே சிரிக்கிறது. நாமும்தான். மனப்பாடம் செய்தால் இந்தக் கதிதான் என்று ராஜுவுக்குப் பாடம் நடத்தத்தான் அந்த விளையாட்டு.

பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இன்ஜினியரிங் முதல் வருடத்தில் தெர்மோடைனமிக்ஸை இங்கிலீஷில் சந்திக்கிற பையனுக்கு இந்தக் காட்சியில் எந்த இடம்? புரிந்துகொண்டு சொந்த வார்த்தையில் எழுத அவனுக்கும் ஆசைதான். சொந்த வார்த்தை இருக்கிற மொழியில் பரீட்சை இல்லையே. 'என்ட்ரோபி'யின் வரையறையை ராத்திரி முழுக்க உருப்போடுவது அவனுக்கு அரியர் விழாமல் இருக்க ஒரே வழி. இயந்திரம் என்றால் என்ன என்று வகுப்பில் எளிமையாகச் சொல்லும் சுதந்திரம் ரான்சோவுக்கு இருப்பதற்கு, அவன் அறிவு மட்டும் காரணமில்லை.

திறமையை வளர்த்துக்கொள், வெற்றி தானாக வரும் என்கிறது படம். ஃபர்ஹானுக்கு கேமரா இருக்கிறது. எந்த ரகசியத் திறமையும் இல்லாதவன் என்ன செய்வான்? மார்க் வாங்கு என்ற பழைய அழுத்தத்தோடு, உன் பேஷன் என்ன என்ற புதிய அழுத்தமும் அவன் தலையில் ஏறுகிறது.

அவனை வைத்து யாராவது ஒரு படம் எடுக்கட்டும். அதில் அவன் விஞ்ஞானி ஆகவே வேண்டாம், ஐந்து சொச்சத்தோடு பாஸாகி வீடு வந்து சேர்ந்தால் போதும்.