சிப்பியின் ஜீனோம்: நீளம் சரி, ஒட்டு சரியா?

2012-ல் 'நேச்சர்' இதழில் பசிபிக் சிப்பியின் ஜீனோம் வந்தது. சுமார் 28 ஆயிரம் மரபணுக்கள். அதில் வெப்ப அதிர்ச்சியைத் தாங்க உதவும் எச்எஸ்பி70 வகை மட்டும் 88. அலை வற்றினா வெயிலில் காய வேண்டிய உயிருக்கு ரொம்பப் பொருத்தமான கதை. எனக்கும் பிடிச்ச கட்டுரைதான். ஆனா இப்போ திரும்பப் படிக்கும்போது, அடித்தளத்தைத் தட்டிப் பார்க்கத் தோணுது.

சிப்பியில் தாய்வழிப் பிரதிக்கும் தந்தைவழிப் பிரதிக்கும் வேறுபாடு மிக அதிகம். துண்டுகளை ஒட்டும் மென்பொருள் ஒரே மரபணுவின் இரண்டு முகங்களை இரண்டு மரபணுக்களாக எண்ணிவிடலாம். ஆய்வாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் நான்கு தலைமுறை உடன்பிறப்புக் கலப்பில் வந்த சிப்பியை எடுத்தாங்க; டிஎன்ஏவைச் சிறு தொகுப்புகளாகப் பிரித்துப் படிச்சாங்க. அந்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது.

இருந்தும் கிடைத்தது துண்டுகள்தான். சிப்பிக்குக் குரோமோசோம் பத்து ஜோடி. ஒவ்வொன்றும் சராசரியாக ஐந்தரைக் கோடி எழுத்து. இவர்களின் என்50 அளவோ நான்கு லட்சம். அதாவது ஜீனோமில் பாதி, அந்த நீளமோ அதற்கு மேலோ உள்ள துண்டுகளில் இருக்கு.

துண்டாக இருப்பதுகூடப் பரவாயில்லை. 2015-ல் வேறொரு குழு, பெற்றோர்-குஞ்சுக் குடும்பங்களை வைத்து மரபுப் பிணைப்பு வரைபடம் போட்டது. ஒரே துண்டில் இருந்த அடையாளங்கள் வெவ்வேறு குரோமோசோம்களில் போய் விழுந்தன. சம்பந்தமில்லாத இரண்டு பகுதிகளை ஒட்டி வைத்திருக்காங்க என்று அர்த்தம். இது ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இல்லை.

இங்கேதான் என் குறை. என்50 நீளத்தை மட்டும் அளக்கும். தப்பாக ஒட்டினாலும் அது ஏறும். பஸ்கோ மதிப்பெண்ணோ, எதிர்பார்த்த மரபணுக்கள் இருக்கா என்று பார்க்கும். அவை சரியான இடத்தில் இருக்கா என்று கேட்காது.

ஆகவே எது நிற்கும்? மரபணு இருக்கிறது, வெயிலில் வேலை செய்கிறது என்பது ஆர்என்ஏ தரவால் நிற்கும். பக்கத்தில் எது, மொத்தம் எத்தனை என்பதை, 2021-ல் வந்த குரோமோசோம் அளவிலான தொகுப்புகளோடு ஒப்பிட்ட பிறகே சொல்லணும்.

தரவைத் திறந்து வைத்ததால்தான் பிழையே கண்ணில் பட்டது. அந்தப் பெருமை 2012 குழுவுக்கே சேரும். பழைய எண்ணைச் சரிபார்க்காமல் இன்னும் எடுத்து எழுதுவது நம்ம தப்பு. 'மரபணுக் குடும்பம் பெருகியிருக்கு' என்று அடுத்த முறை படிச்சா, எந்தத் தொகுப்பில் எண்ணினாங்க என்று முதலில் பாருங்க.