ஐந்து நிமிட ஆயுள்

புதிதாக ஒரு பெண் திரையில் வருகிறாள். அவளுக்கென்று ஒரு பெயர், ஒரு தலையலங்காரம், பேச்சில் ஒரு தனி இழுப்பு, கைவசம் ஒரு வித்தை. ஒரு தொடரின் நாயகியாகவே இருக்கலாம் என்னும் அளவுக்குப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். நமக்கு அவளைப் பிடித்துப்போகிறது. பிடித்த கையோடு அவள் செத்தும் போகிறாள். கொன்றவளும் அவளோடு குடியிருப்பவளும் அடுத்த காட்சியில் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 12 பகுதிகளாக வந்த 'நிஞ்ஜா தோ கொரோஷியா நோ ஃபுதாரிகுராஷி' இந்த வேலையைத்தான் வாராவாரம் செய்தது. ஹான்பாகா என்ற புனைபெயரில் எழுதுபவரின் மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) அனிமேயாக (ஜப்பானிய அனிமேஷன்) ஆக்கியது ஷாஃப்ட் நிறுவனம். கதை எளிமையானது. நிஞ்ஜா கிராமத்திலிருந்து தப்பி ஓடிவந்த சாதோகோ, பசியில் சுருண்டு கிடக்கும் நேரத்தில் கோனோஹா என்ற பள்ளி மாணவியிடம் வந்து சேருகிறாள். கோனோஹாவுக்குக் கூலிக்குக் கொலை செய்வதுதான் தொழில். சாதோகோவுக்குத் தெரிந்த உருப்படியான வித்தை ஒன்றே ஒன்று: பொருள்களை இலைகளாக மாற்றிவிடுவாள். பிணத்தையும்தான். கொலைகாரிக்கு இதைவிட வசதியான துணை கிடைக்குமா? ஒருத்தி இருக்க இடம் கொடுக்கிறாள், மற்றவள் தடயத்தை அழிக்கிறாள். ஓடிப்போனவளைத் தேடிக் கிராமத்திலிருந்து ஒவ்வொருத்தியாக வருகிறார்கள், வந்தவர்கள் இலையாகிறார்கள்.

இதைப் பார்த்தவர்கள் எப்படியெல்லாம் எதிர்கொண்டார்கள் என்பது தொடரைப் போலவே சுவையான விஷயம். இரண்டு சின்னப் பெண்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் செல்லக் கதை என்று நம்பி உட்கார்ந்தவர்கள் முதல் பகுதியிலேயே முகம் சுளித்தார்கள். சிலர் அத்தோடு எழுந்து போனார்கள். வேறு சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர்களைவிட என்னை ஈர்ப்பவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும், அந்தக் கண்ணாடி போட்டவளையாவது விட்டுவைத்திருக்கலாமே என்று அங்கலாய்ப்பார்கள். போகப் போக, புதுமுகம் வந்து நின்றவுடன் அவளுக்கு எத்தனை நொடி ஆயுள் என்று கணக்குப் போடவும் தொடங்கிவிடுவார்கள்.

இந்தத் தவிப்புதான் தொடரின் கைவேலை. செத்துப்போனவள் திரும்பி வருவதில்லை என்பது இதன் முதல் விதி. 2005இல் வந்த 'தொகுரோ-சான்' தொடரிலும் ரத்தம் ஆறாக ஓடும். ஆனால் அதில் தேவதை தன் முள்தடியால் அடித்துக் கொன்ற பையனை அடுத்த நிமிடமே மந்திரம் சொல்லி எழுப்பிவிடுவாள். நமக்கும் மனம் உறுத்தாது. 'ஸ்பை ஃபேமிலி' தொடரின் கொலைகாரி யோர் பெயரில்லாத அடியாட்களைக் கொல்வாள்; அவர்களுக்காக யாரும் அழமாட்டார்கள். இங்கே அந்த இரண்டு கதவுகளையும் அடைத்துவிட்டார்கள். சாகிறவளுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, மறுபிறப்பு கிடையாது. தப்பிக்க வழியில்லாத இடத்தில் நம்மை நிறுத்திவிட்டுத்தான் சிரிக்க வைக்கிறார்கள்.

எதை வைத்துச் சிரிக்கிறோம்? சாவை வைத்து இல்லை என்பது என் எண்ணம். அனிமே ரசிகனுக்குப் பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த ஒரு அனிச்சைச் செயல் இருக்கிறது. கண் பெரிதாக, முடி வித்தியாசமான நிறத்தில் ஒரு பாத்திரம் வந்தால் போதும், மனது உடனே ஒட்டிக்கொள்ளும். யார் இவள், எந்த ஊர், இனி என்ன ஆவாள் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். இந்தத் தொடர் அந்த அனிச்சையைத் தூண்டிவிட்டு, அது முளைவிடும் நொடியில் கிள்ளிப்போடுகிறது. சாகிற பெண்ணைவிட அதிகம் கேலிக்கு ஆளாவது, அவளுக்குள் ஒரு முழுக்கதையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

இதை இயக்கியவர் யுகிஹிரோ மியாமோதோ என்பது தற்செயலாகப் படவில்லை. 2011இல் இதே ஷாஃப்டின் 'மதோகா மாஜிகா'வில், இயக்குநர் அகியுகி ஷின்போவின் கீழ் தொடர் இயக்குநராக இருந்தவர் அவர். அதன் மூன்றாம் பகுதியில் மாமி என்ற அன்பான அக்கா பாத்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் செத்தபோது ரசிகர்கள் உறைந்துபோனார்கள். அனிமே வரலாற்றில் மிக அதிகம் பேசப்பட்ட சாவுகளில் அதுவும் ஒன்று. அன்றைக்கு ஒரே ஒரு சாவு. அதன் கனம் தொடர் முழுவதையும் அழுத்தியது. 14 ஆண்டுகள் கழித்து அதே இயக்குநரின் கையில் அப்படிப்பட்ட சாவுகள் அள்ளி அள்ளி வருகின்றன. கனம் மட்டும் இல்லை. அங்கே துக்கத்துக்கு நேரம் கொடுத்தார். இங்கே அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டார். அதிர்ச்சிக்கும் சிரிப்புக்கும் கச்சாப்பொருள் ஒன்றுதான். அடுத்த காட்சியை எப்போது வெட்டி ஒட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னும் பின்னால் போனால் சான்பேய் ஷிராதோ நிற்கிறார். 1965இல் தொடங்கிய அவருடைய 'காமுய் கைதென்' மாங்காவின் நாயகனும் கூட்டத்தைவிட்டு ஓடிய நிஞ்ஜாதான். விலகியவனுக்கு மரணம் என்பது சட்டம். தேடி வருபவர்களைக் கொன்றால்தான் தான் உயிரோடு இருக்க முடியும், யாரையும் நம்பவும் முடியாது. இருண்ட கதை அது. சாதோகோவின் நிலைமையும் எழுத்துக்கு எழுத்து அதேதான். அந்தத் துயரக் கதையின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே செல்லப் பெண்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் கதையின் சதையைப் போர்த்தியிருக்கிறார்கள். பழைய நிஞ்ஜா கதைகளைப் படித்தவருக்கு இதில் சிரிப்பு இரட்டிப்பாகும், உறுத்தலும் கூடவே வரும்.

குரல்களைத் தனியாகச் சொல்லவேண்டும். கோனோஹாவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் கானா ஹானாஸாவா. இனிமைக்குப் பெயர்போன குரல். அந்தக் குரலிலிருந்து ஏற்ற இறக்கத்தை வடித்தெடுத்துவிட்டு, கொலையையும் சமையலையும் ஒரே தொனியில் பேசவைத்திருக்கிறார்கள். அவள் கோபப்பட்டுக் கொல்வதில்லை, ரசித்தும் கொல்வதில்லை. வீட்டில் ஒரு வேலை கிடக்கிறது, முடிக்கிறாள். எதிரே ஹருனா மிகாவா பேசும் சாதோகோ ஓயாத வாய். புலம்புவாள், அலறுவாள், வந்தவள் ஊரில் தனக்கு எப்படிப் பழக்கம் என்று நினைவுகூர்வாள். பிறகு சத்தமில்லாமல் போய்ப் பிணத்தைத் தொடுவாள். இலைகள் சிதறும். அவள் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

அந்தச் சில நொடிகளைக் கவனித்துப் பாருங்கள். ஐயோ என்று பதறுவதும் சாதோகோ, தடயத்தை அழிப்பதும் சாதோகோ. பார்க்கிற நாமும் அதையேதான் செய்கிறோம். பதறுகிறோம், சிரிக்கிறோம், அடுத்த காட்சிக்குப் போகிறோம். கோனோஹாவைப் பார்த்து, கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட்டு நாம் நல்லவர்களாக ஒதுங்கிக்கொள்ளலாம். சாதோகோவிடம் அது நடக்காது. அவள் நல்லவள்தான், நல்லவளாக இருந்துகொண்டே கூட்டுக் களவாணியும் ஆகிறாள். முகம் சுளித்து எழுந்து போனவர்களுக்கு இது முதலிலேயே புரிந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவர்களை நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

குறையும் இருக்கிறது. ஒரே சூத்திரம் திரும்பத் திரும்ப வரும்போது மழுங்குகிறது. வருகிறவள் சாகத்தான் வருகிறாள் என்று தெரிந்தபிறகு மனது ஒட்ட மறுக்கிறது. ஒட்டாத மனதில் கிள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் ஒரே மூச்சில் 12 பகுதிகளையும் பார்க்க உட்கார்ந்தவர்கள் பாதியிலேயே அலுத்துக்கொள்கிறார்கள். வாரம் ஒன்றாகப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நடுவில் வரும் ஆறு நாளில் போன வாரத்துச் சாவு மறந்துபோகும், புதியவளை மறுபடியும் வெகுளியாக நம்பத் தோன்றும். இந்த நகைச்சுவைக்கு நம்முடைய மறதி வேண்டும். ஆகவே, பார்க்க நினைப்பவர்கள் வாரத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து பாருங்கள். எந்தச் சாவுக்கு அவர் சிரித்தார், எதற்கு நீங்கள் மட்டும் சிரித்தீர்கள் என்பதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தப் பேச்சு தொடரைவிடச் சூடாகப் போகும்.