டாலருக்கு இடமும் வலமும்

கீபோர்டில் 3, 4, 5 மூன்றையும் ஷிஃப்ட்டோடு அழுத்திப் பாருங்கள். #, $, % என்று வரிசையாக வரும். டாலருக்கு இடப்பக்கம் #, வலப்பக்கம் %. பாஷ் ஷெல் ஸ்கிரிப்ட்டில் வேரியபிள் பெயரை அடுத்து # போட்டால் ஸ்ட்ரிங்கின் இடப்பக்கம் வெட்டுப்படும். % போட்டால் வலப்பக்கம். டீக்கடையில் நண்பர் இதைச் சொன்னதும் எனக்குக் கை பரபரத்தது. பாதி டீயோடு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் 12,000 ரசீதுகள் ஸ்கேன் செய்து கிடந்தன. எல்லாமே 'ரசீது_மதுரை_2019-03-14.பிடிஎஃப்' என்கிற மாதிரிப் பெயர்கள். தேதியைப் பிரித்தெடுத்து ஆண்டுவாரியாக ஃபோல்டரில் போட வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஃபைலுக்கும் பேஸ்நேம், கட், செட் மூன்றையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றுமே ஷெல்லுக்கு வெளியே இருக்கும் தனி புரோகிராம்கள். ஒரு சிறு துண்டை நறுக்கித் தருவதற்காக ஒவ்வொரு தடவையும் ஒரு பிராசஸ் பிறந்து சாகும். 12,000 ஃபைலுக்கு 36,000 பிராசஸ்! என் பழைய லேப்டாப் மூச்சிரைத்தது.

அன்று ஸ்கிரிப்ட்டில் அந்த மூன்று அழைப்புகளையும் அழித்துவிட்டு, சுருள் அடைப்புக்குள் வேரியபிள் பெயரை ஒட்டி ##*_ என்று எழுதினேன். கடைசி அடிக்கோடு வரை எல்லாம் போய், '2019-03-14.பிடிஎஃப்' மட்டும் நின்றது. அடுத்து %.* போட்டேன், புள்ளியும் வாலும் உதிர்ந்தன. :0:4 போட்டால் 2019. //-/ போட்டால் கோடுகள் மறைந்து 20190314. வெளி ஆள் ஒருவரும் வேண்டாம், வெட்டுவது ஷெல்லேதான். ஃபைல் பெயர்கள் திரையில் ஓடிய வேகத்தைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போனேன்.

குறியை இரட்டிப்பதில்தான் எத்தனை அழகு! ஒற்றை என்றால் முடிந்த மட்டும் குறைவாக வெட்டும். இரட்டை என்றால் முடிந்த மட்டும் அதிகமாக. 'பேக்கப்.டார்.ஜிஇசட்' என்ற பெயரில் %.* போட்டால் 'பேக்கப்.டார்' மிஞ்சும். %%.* போட்டால் வெறும் 'பேக்கப்'. முழுப் பாதையில் ##*/ என்றால் ஃபைல் பெயர், %/* என்றால் அது இருக்கும் ஃபோல்டர். நாலைந்து குறிகளில் இவ்வளவையும் அடக்கியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். டேவிட் கோர்ன் பெல் லேப்ஸில் எழுதிய கோர்ன் ஷெல்லிலிருந்து வந்த சொத்து இது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த பாஷ் அதைச் சுவீகரித்துக்கொண்டது. 2009-இல் வந்த நான்காம் பதிப்பு, ஆங்கில எழுத்துகளை ^^ போட்டுப் பெரிதாக்கவும் ,, போட்டுச் சிறிதாக்கவும் கற்றுக்கொண்டது.

தமிழை இது நடத்தும் விதம் தனி ருசி. யுடிஎஃப்-8 அமைப்பில், வேரியபிள் பெயருக்கு முன்னால் # போட்டு 'தமிழ்' எவ்வளவு நீளம் என்று கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. நாம் மூன்றெழுத்து என்போம். 'மதுரை'யில் :0:2 கேட்டால் 'மத'. :0:3 கேட்டால்தான் 'மது' வருகிறது. பிள்ளைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுப்பதுபோல் ஒரு மணி நேரம் விதவிதமாக வெட்டிப் பார்த்தேன்.

பிறகு /மதுரை/கோவை என்று எழுதி என்டரைத் தட்டினேன். ஐகாரம் கலையாமல், கொம்பு குலையாமல், முழுசாக வந்து நின்றது கோவை.