படத்தொகுப்பு மென்பொருள்கள்: லக்கல மலைக்காட்சிகளை வைத்து ஒரு பரீட்சை

களு கங்கை நீர்த்தேக்கத்தில் பழைய நகரம் மூழ்கியபின் 2019இல் திறக்கப்பட்ட புதிய லக்கல நகரத்தையும், அங்கிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் மலைப்பாதையில் றிவர்ஸ்டன் சிகரத்தைத் தழுவிக் கிடக்கும் முகிலையும் படம்பிடித்து வந்து, அதே காட்சிகளை வெவ்வேறு மென்பொருள்களில் வெட்டிக் கோத்துப் பார்த்தபோது, ஆரம்ப மாணாக்கனுக்கு ஒன்று, தேர்ந்த கலைஞனுக்கு வேறொன்று என்று நாம் வழக்கமாகச் செய்யும் பாகுபாடு அவசியமற்றது என்ற அபிப்பிராயமே எனக்கு உறுதிப்பட்டது.

கைப்பேசியில் இயங்கும் கேப்கட் முதல் நாளிலேயே உற்சாகம் தரும். துண்டுகளை அடுக்கவும், இசையைப் பொருத்தவும், தலைப்பிடவும் அது மிகவும் சௌகரியமானது. ஆயினும், வானம் வெளுத்தும் அதன் கீழே வனம் இருண்டும் பதிவாகியிருந்த ஒரு காட்சியைச் செப்பனிட முனைந்தபோதுதான் டாவின்சி ரிசால்வின் விசேஷம் விளங்கிற்று. ஒளிமிக்க பகுதிக்குரிய வர்ணச் சக்கரத்தை மட்டும் சற்றே தணித்து, வானத்தைத் தனியே பிரித்து வேறொரு கணுவில் (node) திருத்த, வெறும் வெள்ளையாயிருந்த முகிலில் மடிப்பு மடிப்பாக உருவம் புலப்படலாயிற்று; ஒவ்வொரு திருத்தமும் தனிக் கணுவாக நிற்பதால், பிடிக்காததை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிட்டவல பத்தனைப் புல்வெளியில் ஒலிவாங்கியை மோதிய காற்றின் உறுமலும், ரிசால்வின் ஒலிப் பகுதியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை நீக்கியதும் பெரும்பாலும் அடங்கிற்று.

முன்னாளில் பெரிய வர்ண நிலையங்களுக்கே உரியதாயிருந்த டாவின்சியை 2009இல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வாங்கியபின், அதன் இலவசப் பதிப்பு எவருக்கும் கிடைப்பதாயிற்று. 3840 x 2160 அளவு வரை அதிலேயே படத்தை வெளியிடலாம். முழுப் பதிப்புக்கு 295 டாலரை ஒரே தடவை செலுத்தினால் போதும். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்ததைக் கண்ட நமக்கு, மாதந்தோறும் டாலர் சந்தா கேட்கும் அடோபி பிரீமியர் புரோவைவிட இது எவ்வளவு அனுகூலமென்று சொல்லவேண்டியதில்லை. பிரீமியரை ஏற்கெனவே வைத்திருப்போர் தமிழில் தலைப்பிடுமுன், விருப்பத் தேர்வுகளில் எழுத்து அமைப்பைத் தெற்காசியத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தத்தம் இடத்தில் நிற்கும். ஃபைனல் கட் புரோ வேகமானது. ஆனால் ஆப்பிள் சாதனம் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

1994இல் வெளிவந்த கமல்ஹாசனின் ‘மகாநதி’ மூலம் இந்தியத் திரையுலகில் புகுந்ததாகச் சொல்லப்படும் ஆவிட் என்ற தொகுப்பு மென்பொருள், பல தொகுப்பாளர்கள் ஒரே படத்தைப் பகிர்ந்து பணியாற்றும் பெரிய கூடங்களில் இன்றும் மதிக்கப்படுகிறது. தனியொருவனாய்க் கற்பவனுக்கு அது அவசரமில்லை.

ரிசால்வின் குறை ஒன்றுண்டு: 16 ஜிபி நினைவகமும் நல்ல வரைகலைச் செயலியும் இல்லாத மடிக்கணினியில் அது தடுமாறும். அத்தகைய கணினி உடையவர்கள் மனந்தளர்ந்து வேறு மென்பொருளுக்குப் போய்விடாமல், காட்சிகளுக்குச் சிறிய பிராக்ஸிப் பிரதிகளை உண்டாக்கி, வெட்டும் வேலை முழுவதையும் அவற்றில் செய்துகொள்ளட்டும். இறுதியில் படத்தை வெளியிடும்போது மென்பொருள் மூலப்பதிவையே எடுத்துக்கொள்ளும்.