ஏரிப் படங்களின் பொய்க்கணக்கு

சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் ஏரி நீர் அட்டவணை பாராட்டுக்குரியது. கொள்ளளவு, இருப்பு, சென்ற ஆண்டு இதே நாளின் இருப்பு எல்லாம் அதில் உண்டு. அதைக் கொண்டு கணினித் திரைக்கு வரையப்படும் சில படங்கள்தாம் நம்மை ஏமாற்றுகின்றன. ஏரிக்கு ஒன்றாக ஒரே அளவு வட்டங்கள். உள்ளே சதவீதம் மட்டும். சோழவரம் 100, புழல் 50 என்றால் சோழவரத்தில்தான் நீர் அதிகம் என்று தோன்றும். உண்மை என்ன? சோழவரம் முழுதும் நிரம்பினாலும் 1,081 மில்லியன் கன அடிதான். புழலின் பாதியோ 1,650! மயிலாப்பூர்க் குழாயில் வருவது நீரேயன்றிச் சதவீதமன்று. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நகரம் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதை மறக்கலாமா? ஆகவே, பூஜ்யத்தில் தொடங்கும் ஒரே அளவுகோலில், கன அடிக்கேற்ற உயரமுள்ள பட்டைகளாக இவற்றை வரைதல் வேண்டும். அளவெடுத்த தேதியையும் அருகிலேயே குறித்தல் வேண்டும்.