நம்பவே முடியல!

செஞ்சி ராஜகிரியின் உச்சிக்கு ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம். கீழே எட்டிப் பார்த்த பெண், 'இன்க்ரெடிபிள்!' என்றாள். கூட வந்த பையன், 'சான்ஸே இல்ல!' என்றான். நேர் அர்த்தம் பார்த்தால் இரண்டுமே மறுப்பு. ஆனால் இருவரும் சொன்னது பாராட்டு.

பி.காம் படித்த காலத்தில் 'கிரெடிட்' என்ற வார்த்தையோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டியவன் நான். அதுவும் இன்க்ரெடிபிளும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. நம்பிக் கொடுத்தால் கிரெடிட். நம்ப முடியாவிட்டால் இன்க்ரெடிபிள். 'பிரமாதம்' என்ற அர்த்தம் பிற்பாடு சேர்ந்தது. 2002-ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆச்சரியக்குறி போட்டு 'இன்க்ரெடிபிள் இந்தியா' என்று விளம்பரம் செய்தது. அதற்கப்புறம் நம்மூரில் பழைய அர்த்தம் ஏறக்குறைய காலி. தாஜ்மகாலும் இன்க்ரெடிபிள், ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவும் இன்க்ரெடிபிள்.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? செஞ்சியையே எடுத்துக்கொள்வோம். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! மூன்று மலைகள், அவற்றை இணைக்கும் மதில், உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பாறைப் பிளவு, அதைக் கடக்க ஒரு பாலம். இன்க்ரெடிபிள் என்று கைதட்டிவிட்டு இறங்கிவிடலாம்.

அதே வார்த்தையைப் பழைய அர்த்தத்தில் சொல்லிப் பாருங்கள். 'எட்டு வருஷமா? நம்பற மாதிரி இல்லியே!' கதையே மாறிவிடுகிறது. ஜுல்ஃபிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், மராட்டியர்களோடு ரகசிய உடன்பாடு இருக்கிறது என்ற சந்தேகம் அந்தக் காலத்திலேயே இருந்தது. கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பியும் போய்விட்டார். ஆக, பாராட்டினால் கோட்டை தெரிகிறது. சந்தேகப்பட்டால்தான் சரித்திரம் தெரிகிறது.

2025-ல் யுனெஸ்கோ, மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது செஞ்சிக்கும் இடம் கிடைத்தது. இனி 'இன்க்ரெடிபிள்'களுக்குப் பஞ்சமிருக்காது.

இறங்கும்போது, அந்தப் பாலத்தில் ஒரு சிறுவன் அப்பாவைக் கேட்டான்: "இதை எடுத்துட்டா, மேல இருக்கறவங்க என்னப்பா சாப்பிடுவாங்க?"

அப்பா செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்தார். அந்த வார்த்தைக்குச் சரியான அர்த்தம் தெரிந்தவன் அந்தப் பையன்தான்.